ஐந்து வயது மகனை வீட்டிலேயே படிப்பிக்கலாமா? (வெள்ளவத்தை, கொழும்பு)

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு வாற ஜனவரி முதல் கிழமையில் ஐந்து வயது முடிகிறது, மகளுக்கு மூன்று. முன்பள்ளியில் தினமும் கொப்பி நிறைய எழுத வைத்து எழுத வைத்து இப்போது பென்சிலைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழே போய் ஒளிக்கிறான், ஆனால் கதை சொல்லச் சொன்னால் வாய் ஓயாது. தரம் 1க்கு அனுப்பாமல் இரண்டு மூன்று வருஷம் வீட்டில் வைத்துப் படிப்பிப்போமா என்று நானும் கணவரும் யோசிக்கிறோம். மாமிக்குத் துளியும் விருப்பமில்லை. சட்டப் பிரச்சினை வருமா? எங்கிருந்து தொடங்குவது? பிறகு பாடசாலையில் சேர்க்க முடியுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கோ.

ஓய்வுபெற்ற ரீச்சர்:
தங்கச்சி, புத்தகத்தை வாங்க முதல் சட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி. முன்பு 14 வரைதான் இருந்தது, 2016இல் கூட்டினார்கள். "ஒருவரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்பவர்களை நம்பி இறங்க வேண்டாம். வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்குக் கிராம உத்தியோகத்தர் வந்து கேட்டாலும் காட்ட ஒன்று வேண்டுமே.

அடுத்தது திரும்பிப் போகும் வழி. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியானவர்களைத்தான் தரம் 1க்கு எடுப்பார்கள், அதற்கான விண்ணப்பத்தை முந்தின வருஷமே போட்டுவிட வேண்டும். தரம் 2, 3 என்று இடையில் கொண்டுபோய் நின்றால் வெற்றிடம் இருந்தால்தான் இடம். கொழும்பில் நல்ல பெயர் உள்ள பாடசாலைகளில் அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால் விண்ணப்பத்தை எப்படியும் போடுங்கள், இடம் கிடைத்த பிறகு யோசிக்கலாம்.

கொட்டாஞ்சேனை அப்பா:
ரீச்சர் சொல்வது சரி. நாங்கள் மகளோடு இதைச் செய்துகொண்டிருப்பதால் படிப்புப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பாடப்புத்தகங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. அதைவிட முக்கியம் மகரகம தேசிய கல்வி நிறுவகம் போட்டிருக்கும் ஆசிரியர் வழிகாட்டிகள். தரம் 1க்குத் தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், இவ்வளவுதான் பெரிய பாடங்கள். எல்லாவற்றையும் அச்சடித்து மேசையில் குவித்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு மணியடிக்காதீர்கள், அப்படிச் செய்தால் அவன் திரும்பவும் கட்டிலுக்குக் கீழேதான். இந்த வயதுக்கு இருந்து படிக்கிற நேரம் ஒரு மணித்தியாலம் போதும், அதையும் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள்.

பென்சில் பயம் இருந்தால் கொஞ்ச நாள் பென்சிலே வேண்டாம். ஒரு தட்டில் அரிசி மாவைப் பரப்பிவிட்டு விரலால் எழுத விடுங்கள், அழிப்பதற்குத் தட்டைக் குலுக்கினால் சரி. அந்தக் குலுக்கலுக்காகவே எங்கள் மகள் நாலு எழுத்துக் கூடுதலாக எழுதுவாள் (மா நிலமெல்லாம் சிந்தும், அது வேறு கதை). புளியங்கொட்டையில் கூட்டல், கழித்தல். காலி வீதியில் நின்று 100, 101 பஸ் போர்ட் வாசிக்க விடுங்கள், மூன்று மொழியும் ஒரே பலகையில் கிடக்கும். சிங்களத்தையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்த ஊரில் அது இல்லாமல் பிள்ளை நாளைக்குத் தடுமாறும்.

தெஹிவளை அக்கா:
நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். எழுத்தும் கணக்கும் எப்படியோ வரும், ஃப்ளாட்டுக்குள் கூட்டாளிகள் எங்கே? விளையாட்டில் தோற்று, சண்டை பிடித்து, பிறகு தானே போய்ச் சமாதானமாவதை அம்மாவால் படிப்பிக்க முடியாது. வீட்டில் வைத்திருப்பதென்றால் நீச்சல், அறநெறி வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று கிழமையில் சில நாளாவது வேறு பிள்ளைகளோடு விடுங்கள். கொழும்புப் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் நடந்து போகிற தூரம்.

இன்னொன்று, மூன்று வயதுக்காரி பக்கத்தில் இருந்து கொப்பியைக் கிழிக்கும்போது நீங்கள் ஒருவராகச் சமாளிப்பீர்களா? கணவர் என்ன பங்கு எடுப்பார் என்று இப்போதே கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க முன் வருகிற பாடசாலை விடுமுறையில் முழுதாக ஒருமுறை செய்து பாருங்கள்.

வெள்ளவத்தை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. விண்ணப்பத்தைப் போடுகிறோம், கடிதமும் எழுதப்போகிறேன். மாமியிடம் பின்னேரத்தில் கதை சொல்லும் வேலையைக் கொடுத்தால் கொஞ்சம் இறங்கி வருவார் என்று ஒரு யோசனை. நீண்ட காலம் வீட்டிலேயே படித்தால் சோதனைகளுக்கு என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை அப்பா:
சாதாரண தரத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். லண்டன் சோதனை (பிரிட்டிஷ் பாடத்திட்டச் சோதனை) என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகவும் பதியலாம். ஆனால் உங்கள் மகனுக்கு அதெல்லாம் பத்து வருஷத்துக்குப் பிறகு. இந்தக் கிழமை அரிசி மா, மாமியின் கதை, அதோடு வலயக் கல்விப் பணிமனைக் கடிதம்.