வில்பத்துவில் சிறுத்தையைத் தவிர அம்மாவுக்கு என்ன காட்டலாம்?

வெள்ளவத்தைக்காரி:
பொசன் போயாவோடு வரும் லீவில் அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வில்பத்து தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். விடிய மூன்று மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வான். பிள்ளைகளுக்குச் சிறுத்தை ஒன்றைக் கண்டால் போதும். அம்மா முப்பது வருடம் வரலாறு படிப்பித்தவர். "மிருகத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும், அந்தக் காட்டுக்குள் முந்தி யார் இருந்தார்கள் என்று எனக்கு யாராவது காட்டுவார்களா?" என்று கேட்கிறார். ஜீப்காரர் வில்லு என்னும் நீர்நிலைகளை மட்டும்தான் சொல்கிறார். பூங்காவின் கடலோர முனையான குதிரைமலைக்கு அரை நாளில் போய் வரலாமா? வேறு எதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்?

கொட்டாஞ்சேனைப் பெரியவர்:
பிள்ளை, அரை நாள் போதாது. ஹுணுவிலகம வாசலால் உள்ளே போனால் குதிரைமலை அடுத்த கரையில், கடலோரத்தில் இருக்கிறது. முழுநாள் ஜீப் பேசுங்கள். இன்னொன்று, பொசனுக்கு அநுராதபுரம் வீதி யாத்திரிகர்களால் நிரம்பிவிடும். ஒரு கிழமை தள்ளிப் போக முடிந்தால் நல்லது.

நான் புத்தளத்துப் பிறவி. இளவயதில் நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்து அந்தக் காட்டில் நடந்திருக்கிறேன். உங்கள் அம்மா கேட்டதற்கு முதல் பதில் பொம்பரிப்பு. கலா ஓயாவுக்குக் கிட்ட, பூங்காவின் தெற்குப் பக்கம். இறந்தவர்களின் எலும்பைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம் அது. கறுப்பும் சிவப்புமான மட்பாண்டங்களும் கிடைத்தன. 1920களிலும் 1950களிலும் பிறகு 1970இலும் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். ஒரே தாழிக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்பு இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரிலும் இப்படித்தான் தாழியில் புதைத்தார்கள். புத்தர் சிலையும் கோயிலும் எழும்புவதற்கு முந்திய சனம் அவர்கள். வரலாறு படிப்பித்த ஒருவருக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

ஒரு மழைக்குப் பிறகு, வண்டித்தடத்தின் ஓரத்தில் மண் கரைந்து ஒரு விளிம்பு தெரிந்தது. வேர் என்று நினைத்துக் குனிந்தேன். தாழியின் வாய். என் பெருவிரல் அளவு தடிப்பு. உள்பக்கம் விரலால் இழுத்து வழித்த வரிகள் அப்படியே இருந்தன. என் விரலை அதில் வைத்தேன், சரியாகப் பொருந்தியது. எங்கள் ஓவசியர் ஒன்றும் பேசாமல் மண்ணை அள்ளி மூடிவிட்டார். அம்பது வருடமாகியும் அந்த வரி என் விரலில் இருக்கிறது. இப்போது அங்கே இறங்க விடுவார்களா என்று வாசலில் உள்ள அலுவலகத்தில் கேளுங்கள். விட்டால், ஒரு ஓட்டுத் துண்டையும் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குதிரைமலையில் ஜீப்பை விட்டு இறங்கலாம். செம்மண் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். செங்கடல் வரிக் குத்தகைக்காரன் ஒருவனின் ஆள் காற்றில் அடிபட்டு வந்து, பதினைந்தாம் நாள் 'ஹிப்புரோஸ்' துறையில் கரையேறியதாக ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தக் கிரேக்கப் பெயரில் குதிரை இருப்பதால் அது இந்த இடம்தான் என்று பலர் சொல்கிறார்கள். முன்னால் கிடப்பது முத்துக்குளித்த கடல். வடக்கே அரிப்பில், முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகை இடிந்து நிற்கிறது. அது பூங்காவுக்கு வெளியே, அதற்கு வேறொரு நாள் வேண்டும்.

முசலி மண்:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் ஊர் மோதரகம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், பூங்கா எல்லைக்கு வடக்கே. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது வாப்பாவும் உம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு புத்தளம் வந்தார்கள். நான் ஓலைக் குடிசையில் வளர்ந்தேன். சண்டை முடிந்து போய்ப் பார்த்தபோது எங்கள் வளவை உம்மா கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தார். கிணற்றுக் கட்டைப் பிளந்துகொண்டு ஒரு வீரை மரம் நின்றது. காடு இருந்த இடம், ஊர் இருந்த இடம் என்று இரண்டாகப் பேசுகிறவர்கள் அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா.

கரடித்தடம்:
பிள்ளைகளுக்காக நான் ஒன்று சொல்கிறேன். ஜூன் மாதம் பாலைப்பழம் பழுக்கும் காலம். கரடி மரத்தில் ஏறிக் கிளையை முறித்துத் தின்னும். சிறுத்தையையே தேடி ஓடாமல், முறிந்த பாலைக் கொப்பு கிடக்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்கள். வில்லுகளும் வெறும் குளம் அல்ல. ஆறு வந்து நிரப்பாது, மழைத் தண்ணீர் பள்ளத்தில் தங்குகிறது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுருங்கி, மிருகமெல்லாம் கரைக்கு வரும். சண்டையால் 1988 முதல் 2003 வரை பூங்கா மூடிக் கிடந்தது, அதற்குப் பிறகும் ஒரு தடவை மூடினார்கள்.

வெள்ளவத்தைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. பயணத்தை ஒரு கிழமை தள்ளிவிட்டோம், முழுநாள் ஜீப் பேசியாயிற்று. ஐயா, தாழியின் விரல் வரி பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். முசலித் தம்பி, அந்தக் கிணறு இப்போதும் இருக்கிறதா?

முசலி மண்:
இருக்கிறது அக்கா. மரத்தை வெட்ட உம்மா விடவில்லை. தண்ணீர் இறைக்கிறோம்.