‘டெட் ஸ்டோரேஜ்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தஞ்சாவூர்:
ஜூன் 12 மேட்டூர் திறப்பையொட்டி உழவர்களுக்கான துண்டறிக்கை. ‘டெட் ஸ்டோரேஜ்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் இல்லாமல் நிற்கிறது. அடிமதகின் வாசல்மட்டத்துக்குக் கீழே தங்கும் நீர். கதவை முழுக்கத் தூக்கினாலும் தானாக வடியாது. வண்டல் படியவும் அந்த இடம் விடப்படுகிறது. கைவசம் ‘இறந்த கொள்ளளவு’தான். போன வருஷக் கணக்கா என்பார்கள்.

கும்பகோணம்:
கேட்பது நியாயம். ‘இற’ என்றால் கடத்தல். இறந்த காலம் அதனால்தான். குறள் 310இல் ‘இறந்தார் இறந்தார் அனையர்’: முதலாமவர் சினத்தில் எல்லை கடந்தவர், அடுத்தவர் செத்தவர். பிரேதமும் வடமொழியில் ‘முன்னே போனது’தான். மரணமும் லத்தீன் ‘மோர்ஸ்’ஸும் ஒரே வேர். செத்தாரைத் துஞ்சினார், அதாவது உறங்கினார், என்பது மங்கல வழக்கு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் நம் சோழன். ஆகவே ‘துஞ்சுநீர்’.

மன்னார்குடி:
ஐயா, அதை அச்சடித்தால் கூடவே அகராதியும் கொடுக்கணும். மரம் பட்டுப்போகும், பயிர் கருகும், கிணறு தூர்ந்துபோகும். தமிழில் தண்ணீர் சாவதில்லை. டெட் எண்ட் நமக்கு முட்டுச்சந்து, டெட்லைன் கெடு. எதிலும் பிணம் கிடையாது. ‘கட்டுக்கிடை நீர்’ போடுங்கள்.

கும்பகோணம்:
ஆங்கிலத்தின் ‘டெட்’டில் சாவு என்பது பலனின்மை. அடமானத்தைக் குறிக்கும் ‘மார்ட்கேஜ்’ பழைய பிரெஞ்சில் ‘செத்த பிணை’: விளைச்சலைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வார், அசல் குறையாது. விளைச்சல் அசலைக் கழித்தால் ‘உயிர்ப் பிணை’.

மன்னார்குடி:
நம்ம ஒத்தியும் அதே கணக்குதானே? வட்டிக்கு விளைச்சல், அசல் அப்படியே. பெயரில் சாவு எங்கே இருக்கிறது?

மயிலாடுதுறை:
ஒத்தியை விடுங்கள். கட்டுக்கிடை என்றால் நாறும் குட்டை. இங்கே சொல்ல வேண்டியது மட்டம். மோட்டார் போட்டு இறைத்தால் அந்த நீரும் வரும். அணையின் மொத்தக் கொள்ளளவில் இதுவும் அடக்கம். செய்தியில் வரும் இருப்பை அப்படியே பாசனத்துக்கு எண்ணி நாற்று விட்டால், கடைமடைக்கு முறை வரும்போது கணக்கு உதைக்கும். ‘மதகடி இருப்பு’ என்றால் எதைக் கழிக்கணும் என்பது பெயரிலேயே தெரியும்.

தஞ்சாவூர்:
மூவர் சரி என்றுவிட்டார்கள். ‘மதகடி இருப்பு’, பக்கத்தில் ‘மதகு வழியே வடியாத நீர்’ என்று விளக்கம். அச்சுக்குப் போய்விட்டது.

கும்பகோணம்:
மதகுக்கு வெளியே கொட்டுகிற இடமும் மதகடிதான். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.