மாநிலக் குதிரையேற்றச் சங்கத்தோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஆறாங்கட்டை அம்மா:

சங்கம் எப்படி நடக்கிறது என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மூன்று வாரமாகிவிட்டது, மனசு ஆறவில்லை.

மகளுக்கு 13 வயது. 80 சென்டிமீட்டர் தடைதாண்டலுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். குதிரை கிளப்புடையது, பந்தயத்தில் ஓடிவிட்டு வந்த செவலை. நான் செம்பனை ஆலையில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன், அவள் அப்பா லோரி ஓட்டுகிறார். குதிரை வாங்குகிற குடும்பம் இல்லை. சனிக்கிழமைதோறும் அவள் லாயம் கூட்டுவாள், சாணம் அள்ளுவாள், அதற்கு ஈடாக ஒரு மணி நேரம் ஏறக் கற்றுக்கொடுப்பார்கள். இரண்டு வருஷமாக இப்படித்தான்.

அன்றைக்குக் காலை 4 மணிக்கே கிளப்புக்குப் போய்விட்டோம். ராத்திரி பெய்த மழையில் தோட்டத்து மண்சாலையில் எங்கள் கஞ்சில் கார் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, முக்காலி மேல் ஏறி நின்று பிடரி மயிரைப் பின்னினாள். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும்போது நான் அவளுக்குப் பின்னிவிடுகிற அதே இறுக்கம். 17 பின்னல். ஒவ்வொன்றையும் சுருட்டி நூல்போட்டுத் தைத்தாள். 6 மணிக்குக் குதிரை லோரி கிளம்பியது.

7.30க்குப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் கிளப் இந்த வருஷ இணைப்புக் கட்டணம் கட்டவில்லை என்றார். வங்கியில் கட்டின சீட்டு என் கைப்பேசியில் இருக்கிறது, காட்டினேன். அதைப் பொருளாளர் உறுதிசெய்ய வேண்டுமாம். அவர் வெளிநாட்டில் இருக்கிறாராம். "தாக் ஆப்பா கா, லாயின் காலி", பரவாயில்லை அக்கா, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மலாயில் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

அவள் அழவில்லை. குதிரையை லோரி நிழலுக்குக் கூட்டிப்போய், சின்னக் கத்தரியால் நூலை வெட்டி, பின்னலை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பதினேழையும். அப்படியே விட்டால் அதற்கு அரிக்கும் என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.

சைஸ் மகன்:

அக்கா, படிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே ஓடல. எங்கப்பா ஈப்போவுல சைஸா, அதாவது குதிரைய பராமரிக்கிறவரா இருந்தவரு, குதிரை நடக்குற சத்தத்த வச்சே எந்தக் கால்ல வலின்னு சொல்லுவாரு. அவரு இருந்திருந்தா உங்க மகளப் பத்திக் கேட்டு அழுதிருப்பாரு.

எனக்கு நடந்தது எண்டுரன்ஸ்ல, நெடுந்தூரக் குதிரை ஓட்டத்துல. 40 கிலோமீட்டர், பாதி வழி தோட்டத்துக்குள்ள. நான் ஒரு பெரிய இடத்துக் குதிரைக்கு கூட நின்னு தண்ணி ஊத்துற ஆளு. வெட் கேட் பத்தி உங்களுக்குத் தெரியும், வழியில மிருக டாக்டர் குதிரைய நிறுத்திப் பாக்குற எடம், இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64க்குள்ள எறங்கணும், அப்புறம் நேரா ஓடவிட்டுக் கால் பாப்பாங்க. நாங்க ஐஸ் தண்ணியா ஊத்தி, கழுத்த வழிச்சு வழிச்சு விட்டோம். முதல் தடவை 68. ரெண்டாவது தடவை கொண்டுபோறப்போ செயற்குழு ஆளு ஒருத்தர் டாக்டர் பக்கத்துல வந்து நின்னு, தோள்ல கைய வச்சு, மெதுவா என்னமோ பேசுனாரு.

டாக்டர் காதுல இருந்த ஸ்டெத்தாஸ்கோப்ப எடுக்கவே இல்ல. கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தாங்க. அந்தாளு பேசுறாரு, அவங்க எண்ணுறாங்க. எண்ணி முடிச்சு 62ன்னு எழுதுனாங்க. சரி, தப்பிச்சோம்னு நெனச்சேன். ஓடவிட்டா இடது பின்னங்கால் லேசா வாங்குது. எனக்கே தெரிஞ்சது. "வெளியே"ன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அந்தக் குதிரை இன்னிக்கு நல்லா நடக்குதுன்னா அந்தம்மாதான் காரணம்.

அதுக்கப்புறம் நடந்த மூணு போட்டிக்கும் அந்த டாக்டரக் கூப்புடல. என்னை உறுத்துறது இதுதான். 2008ல திரெங்கானு செத்தியூல எண்டுரன்ஸ் உலகப் போட்டி நடத்துன நாடு நம்ம மலேசியா. 160 கிலோமீட்டர். அப்ப மாமன்னரா இருந்த சுல்தான் மீசான் தாமே எண்டுரன்ஸ் ஓட்டுறவரு. டாக்டர் சொல்லுக்கு மறு சொல் கெடையாதுன்னு இந்த நாட்டுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்ல.

முன்னாள் பொருளாளர்:

ஆறாங்கட்டை சகோதரிக்கு வணக்கம். பிள்ளைக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனால் முழுப் பழியையும் சங்கத்தின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணம் கிளப் வழியாகத்தான் போகிறது. கிளப் செயலாளர் கட்டிவிட்டு, பூர்த்திசெய்த பாரத்தையும் சீட்டையும் அனுப்பினாரா? பணம் வங்கியில் விழுந்தால் மட்டும் போதாது, யார் எதற்குக் கட்டினார்கள் என்று தெரிந்தால்தான் பதிய முடியும். நான் நான்கு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவன். பெயரே இல்லாமல் வந்து விழுந்த பணத்தை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது.

என் அனுபவம் சின்னது. போன முறை ஆண்டுக்கூட்டத்துக்கு மண்டபத்தில் 60 நாற்காலி போட்டோம். வந்தது 11 பேர். அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு வந்தவர்களை வைத்துக் கூட்டத்தை நடத்தி முடித்தோம். மீ கோரெங் நிறைய மீந்துபோனது, பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். குறை சொல்கிறவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்?

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பயன்படும். முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள், நம் மாநிலச் சங்கத்தில் தனி ஆளுக்கு ஓட்டு இல்லை. கிளப்புக்கு இரண்டு பேராளர், அவர்கள்தான் கை தூக்க முடியும். உங்கள் கிளப் பேராளர் யார் என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பேராளராகப் பெயர் போனவருக்கே சில நேரம் தெரியாது.

இரண்டாவது, புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. மலாயில் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். போட்டித் தேதி, கட்டணம் கட்டின தேதி, தொகை, யாரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார், இவ்வளவுதான். கோபத்தைக் கடிதத்தில் காட்டாதீர்கள். சீட்டின் நகலை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, இது பலருக்குத் தெரியாது. விளையாட்டுச் சங்கங்கள் மற்றச் சங்கங்களைப் போலச் சங்கப் பதிவிலாகாவின் கீழ் வருவதில்லை. 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் வந்த பிறகு விளையாட்டு ஆணையரிடம்தான் பதிவு. சட்டவிதியில் உள்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். அதில் போகாமல் நேராக ஆணையரிடம் போனால், முதலில் சங்கத்துக்குள் பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் படிப்படியாகப் போங்கள்.

நான்காவது, கிளப்பில் இருந்து மாநிலம், மாநிலத்தில் இருந்து தேசியச் சங்கம், அங்கிருந்து 1921இல் தொடங்கி இப்போது சுவிட்சர்லாந்தின் லொசானில் இருக்கிற அனைத்துலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வரைக்கும் ஒரே சங்கிலி. பதிவில் இல்லாத பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு? அதற்காகத்தான் அன்றைக்கு அந்த மேசையில் இருந்தவர் பயந்திருப்பார். அவர் பேசின விதம் தவறு. ஆனால் அந்தப் பயம் நியாயமானது.

சி எழுத்துக்குப் பின்னால்:

டிரெசாஜ்னா குதிரைய சொன்னபடி அசைய வச்சு மார்க் வாங்குற போட்டி. நான் அதுல நடுவர் பக்கத்துல உட்கார்ந்து மார்க் எழுதுற பொண்ணு. மூணு வருஷமா எழுதுறேன். மைதானத்தச் சுத்தி ஏ, கே, இ, எச்னு பலகை வச்சிருப்பாங்கல்ல, சி பலகைக்குப் பின்னால ஒரு கூடாரம், அதுல நடுவரும் நானும். அவங்க வாயால சொல்றது மட்டும்தான் நான் எழுதணும். ஒவ்வொரு அசைவுக்கும் பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும், அரை மார்க்கும் உண்டு.

அன்னிக்கு வந்த குதிரை குறுக்குக் கோட்டுல ட்ராட்ல, மெதுவான ஓட்டத்துல வரணும். நடுவுலயே உடைஞ்சு கான்டருக்கு, வேகமான பாய்ச்சலுக்குப் போயிடுச்சு, நாலஞ்சு எட்டு. வேலி ஓரம் நின்ன சின்னப் பிள்ளைங்கக்கூட "அய்யோ"ன்னாங்க. நடுவர் "ஆறரை"ன்னாரு. நான் பேனாவ வச்சிட்டு அவர் முகத்தப் பாத்தேன். அவர் திரும்பல. மறுபடியும் "ஆறரை"ன்னாரு. எழுதினேன்.

அந்தக் குதிரையில இருந்த பையனுக்கு அவர்தான் கோச். எல்லாருக்கும் தெரியும். நடுவர் பட்டியல் போட்ட செயற்குழுவுக்கும் தெரியும். வேற நடுவர் கிடைக்கலன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தாளுல இருக்கிறது என் கையெழுத்துதான். அத நெனச்சா இன்னிக்கும் வயிறு என்னமோ பண்ணுது.

2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல நம்ம காபில் அம்பாக் தனிநபர் டிரெசாஜ்ல தங்கம் வாங்குனாரு. அதே போட்டியில இந்தியாவோட அனுஷ் அகர்வாலாவுக்கு வெண்கலம். அந்த வாரம் எங்க கிளப்புல எட்டுப் பிள்ளைங்க புதுசா சேந்துச்சு, அதுல மூணு தோட்டத்துப் பிள்ளைங்க. அதுல ரெண்டு இப்ப இல்ல. ஏன்னு கேட்டா, "கோச் பையனுக்குத்தானே அக்கா குடுப்பாங்க"ன்னு ஒருத்தி சொன்னா. அவளுக்கு 11 வயசு.

லாடம் அடிக்கிறவர்:

பொருளாளர் ஐயா, ஆறு பத்தி எழுதியிருக்கீங்க, அந்தப் பிள்ளைக்கு நடந்தது தப்புன்னு ஒரு வரி முழுசா வரல.

என்னோடது இது. போட்டி நாள் காலையில ஒரு குதிரைக்கு முன்லாடம் கழண்டுபோச்சு. எனக்கு போன் வந்துச்சு, ஓடினேன். வாசல்ல பாஸ் இல்லன்னு நிறுத்திட்டாங்க. டாக்டருக்குப் பாஸ் உண்டு, ஆம்புலன்ஸுக்கு உண்டு, பத்திரிகைக்காரருக்கு உண்டு. லாடக்காரனுக்குன்னு பாரத்துல ஒரு கட்டமே இல்ல. கடைசியில குதிரைய வெளியே கூட்டிட்டு வந்து, ரோட்டோரத்துல, என் வேன் பக்கத்துல வச்சு அடிச்சேன். குலை ஏத்துன லோரி ஒவ்வொண்ணும் போறப்ப அது திமிருது. அதோட கால் என் தொடைக்கு நடுவுல, வாயில ஆணி. பிடிச்சிட்டு நின்ன பொண்ணு அதோட காதுகிட்ட பாடிக்கிட்டே இருந்தா. ஆறு ஆணி, ஆறும் பிசகாம எறங்குச்சு.

பந்தயக் குதிரைங்களுக்கு அடிப்பாதம் மெல்லிசா இருக்கும், லேசான அலுமினிய லாடத்துலயே ஓடிப் பழகினதுங்க. சிங்கப்பூர்ல 2024 அக்டோபர் 5ஓட குதிரைப் பந்தயமே முடிஞ்சு போச்சு. ஓய்வு குடுத்த குதிரைங்க எங்கெங்கயோ போயிட்டிருக்கு, நம்ம பக்கத்துக் கிளப்புகள்லயும் அந்த மாதிரிதான் நிறைய. அஞ்சாறு வாரத்துக்கு ஒரு தடவை லாடம் பாக்கலன்னா தாங்காது. இதப் பத்திப் பேச சங்கத்துல யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல.

நிலக்கூட்டுறவு உறுப்பினர்:

11 பேர்தான் வந்தார்கள் என்று பொருளாளர் சொல்வதால் எழுதுகிறேன். தோட்டத்து ஆட்களுக்கு ஆண்டுக்கூட்டம் புதிதல்ல. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் லயம் லயமாக மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் அப்பா ரப்பர் பால்வெட்டுச் சம்பளத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியபோது அதில் தன் காசும் இருக்கிறது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனிதர், ஆனால் கூட்டத்துக்கு அறிக்கைப் புத்தகத்தில் பென்சில் கோடு போட்டுக்கொண்டுதான் போவார்.

அந்த 11 பேரில் நானும் ஒருவன், பேத்தியின் கிளப்புக்காகப் போனேன். அறிவிப்பு எனக்குக் கிடைத்தது ஐந்து நாளுக்கு முன்னால், அதுவும் புலனத்தில். சட்டவிதியில் 14 நாள் என்று இருக்கிறது. வரவு செலவைத் திரையில் காட்டினார்கள். நான் கண்ணாடியை எடுத்துப் போடுவதற்குள் அடுத்த பக்கம் போய்விட்டது. அச்சடித்த தாள் கேட்டேன். மின்னஞ்சலில் வரும் என்றார்கள். எட்டு மாதமாகிறது.

முன்னாள் பொருளாளர்:

ஐந்து நாள் என்பது உண்மை. அந்த அறிவிப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. மண்டபம் கிடைக்காமல் தேதி மாறியது, மறுபடியும் 14 நாள் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஐயாவுக்குக் கணக்குத் தாளை நான் வீட்டில் தேடி எடுத்துத் தருகிறேன், என்னிடம் நகல் இருக்கிறது.

லாடக்காரர் தம்பிக்கு: நீங்கள் கேட்ட வரி இதோ. அந்தப் பிள்ளைக்கு நடந்தது தப்பு.

ஆறாங்கட்டை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கிளப்பில் கேட்டேன். பணம் கட்டின அன்றைக்கே பாரத்தையும் சீட்டையும் அனுப்பியிருக்கிறார்கள், அனுப்பினதற்குச் சான்றும் இருக்கிறது. போட்டிக்கு ஆறு வாரம் முன்னால். எங்கள் பேராளர்கள் இரண்டு பேர். ஒருவர் கோலாலம்பூருக்கு மாறிப்போய் ஒரு வருஷமாகிறது. இன்னொருவர் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர், தன் பெயர் பேராளர் பட்டியலில் இருப்பது அவருக்கு நேற்றுதான் தெரியும்.

கடிதத்தை மலாயில் எழுதி முடித்துவிட்டேன். மகள் படித்துப் பார்த்து, குதிரையின் பெயரை விட்டுவிட்டீர்கள் அம்மா என்றாள், சேர்த்திருக்கிறேன். நாளை தபாலில் போகும். டாக்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், பிள்ளைக்குக் கோச்சாக இருப்பவர் நடுவராக உட்காரக்கூடாது, லாடக்காரருக்குப் பாஸ் வேண்டும் என்று இங்கே நீங்கள் எழுதியதை மாஸ்டர் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். சி எழுத்துத் தங்கச்சி, உங்கள் பேரை யாரும் சொல்ல மாட்டோம்.

கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு, காலை 10 மணி. ஓட்டு இல்லாதவர்களும் பின்வரிசையில் உட்காரலாம் என்று சட்டவிதியில் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கஞ்சிலில் நாங்கள் மூன்று பேர், இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. நிலக்கூட்டுறவு ஐயா, உங்களை உங்கள் வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளவா?