பின் ஸ்டெபிலைசர் பார் மாத்தின பிறகு கீச் சத்தம்: எந்தக் கிறீஸ், எங்க பூசுறது?

கரைச்சி லான்சர்:
வணக்கம் அண்ணைமார். என்ர கார் லான்சர் சிஎஸ். பின்னுக்கு இருந்த 18 மி.மீ. தடிப்பு ஸ்டெபிலைசர் பாரை (வளைவில கார் சரியாமல் ரெண்டு பக்கச் சில்லையும் இணைக்கிற இரும்புத் தண்டு) கழட்டிப்போட்டு 20 மி.மீ. பார் பூட்டியிருக்கு. அதோட வந்த புஷ் (பாரைச் சுத்திப் பிடிக்கிற மெத்தை வளையம்) றப்பர் இல்லை, சிவப்பு பொலியூறித்தேன், றப்பரை விட இறுக்கமான பிளாஸ்டிக். ஏ9 றோட்டில ஓடேக்க ஒரு சத்தமும் இல்லை. பரந்தன் சந்தியில ஏ35க்குத் திரும்பி கிறவல் ஒழுங்கையில இறங்கினால், கிடங்குக்குக் கிடங்கு கீச் எண்டு கத்துது. விடிய ஈரத்துக்குச் சத்தம் இல்லை, வெயில் ஏறத்தான் தொடங்குது. சில்லு பெயரிங்குக்குப் போடுற கிறீஸை வெளியால பூசினது ரெண்டு கிழமைதான் தாங்கிச்சு. கழட்டாமல் சரிப்படுத்த ஏலுமோ? பார் நுனியில லிங்க் (பாரைச் சில்லுப் பக்கத்தோட இணைக்கிற சின்னத் தண்டு) பூட்ட 3 ஓட்டை இருக்கு, இப்ப நடு ஓட்டையில நிக்குது, எது நல்லது?

ஸ்பானர் 14:
ஈரத்தில நிக்குது எண்டு நீங்களே சொல்லிட்டியள், அப்ப புஷ் காய்ஞ்சு போச்சு. உறுதிப்படுத்த ஒரு போத்தல் தண்ணியைப் புஷ்ஷில ஊத்திட்டு டிக்கியில ஏறி அமத்திப் பாருங்கோ. சத்தம் நிண்டால் புஷ்தான். நிக்காமல் "டக் டக்" எண்டு கேட்டால் லிங்கைப் பாக்கோணும்.

கழட்டாமல் ஏலாது. உரசுறது புஷ்ஷின்ர உள்வட்டமும் பாரும், வெளியில பூசுறது அங்க போகாது, புழுதியைத்தான் பிடிச்சு வைக்கும். கிறவல் புழுதியும் கிறீஸும் சேர்ந்தால் அரைக்கிற பசைதான்.

கிறீஸ் சிலிக்கோன் கிறீஸாக இருக்கோணும், தண்ணி மாதிரி இல்லாமல் நூல் இழுக்கிற தடிப்பில. டெஃப்லோன் கலந்தது கிடைச்சால் இன்னும் நல்லது. பெயரிங் கிறீஸ் பொலியூறித்தேனைச் சாப்பிடும் எண்டு சொல்லுவினம், அப்பிடிப் பெரிசாக ஒண்டும் செய்யாது. ஆனா மழைத்தண்ணியில கழுவுப்பட்டுப் போயிடும். அது நாசமாக்கிறது சாதாரண றப்பரை. உப்பிப் பஞ்சு மாதிரி ஆக்கிப்போடும். ஆகவே உங்கட பழைய றப்பர் புஷ்ஷைத் திரும்பப் போடுறதெண்டால் கிறீஸே வேண்டாம், சவுக்காரத்தண்ணி காணும். டபிள்யூடி-40 ரெண்டுக்கும் வேண்டாம், இருக்கிற கிறீஸையும் கரைச்சுப்போடும்.

வேலை இப்பிடி: முன் சில்லு ரெண்டுக்கும் கட்டை வையுங்கோ. பின்பக்கம் தூக்கினால் ஹான்ட் பிறேக் ஒண்டுக்கும் உதவாது. பின்பக்கம் ரெண்டையும் ஒரே உயரத்தில ஸ்டாண்டில விடோணும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிக்கும், லிங்க் போல்ட் துள்ளி அடிக்கும். மண்தரையில ஸ்டாண்டுக்குக் கீழ பலகை போடுங்கோ. லிங்க் நட் சுத்தேக்க அச்சும் சேர்ந்து சுத்தினால், நுனியில அறுகோண ஓட்டை இருக்கும், அலன் கீயால பிடிச்சுக்கொண்டு ரிங் ஸ்பானரால கழட்டுங்கோ. பிறகு புஷ்ஷை அமத்திப் பிடிக்கிற பிறக்கெட்டைக் கழட்டி, பாரையும் புஷ்ஷையும் பிறேக் கிளீனரால பழைய கிறீஸ் ஒரு சொட்டும் இல்லாமல் துடையுங்கோ. ஒரு புஷ்ஷுக்கு ஒரு தேக்கரண்டி கிறீஸ் காணும். உள்வட்டம், வெட்டு வாய் (பாரில மாட்ட புஷ்ஷில வெட்டியிருக்கிற பிளவு), பிறக்கெட்டின்ர உட்பக்கம் மூண்டிலயும் பூசுங்கோ. வெட்டு வாய் ரெண்டு பக்கமும் ஒரே திசையைப் பாக்கட்டும்.

மாங்குளத்தான்:
மேல சொன்னது சரி, ஆனா கிறீஸ் மாத்தினால் மட்டும் நிக்குமெண்டு நான் நினைக்கேல்லை. முக்கால்வாசிக் கேசில பிழை இறுக்கத்தில. புது பாருக்குப் பவுடர் கோட்டிங் அடிச்சிருக்கும், புஷ் இருக்கிற இடத்தில அந்தப் பூச்சே பாரைக் கொஞ்சம் தடிப்பாக்கிப்போடும். 400 நம்பர் தண்ணித்தாளால அந்த ரெண்டு அங்குலத்தை மட்டும் வழவழப்பாக்குங்கோ. இரும்பு தெரியிற அளவுக்குத் தேய்ச்சால் கறள் பிடிக்கும்.

பிறகு இதைக் கட்டாயம் செய்யுங்கோ: பிறக்கெட் ரெண்டையும் முழுசாக இறுக்கிப்போட்டு, லிங்கைப் பூட்டாமல் பாரின்ர நுனியைத் தூக்கி விடுங்கோ. தன்ர பாரத்தில மெல்லக் கீழ இறங்கோணும். விட்ட இடத்தில நிண்டால் பிறக்கெட் நசுக்குது எண்டு அர்த்தம், எந்தக் கிறீஸ் போட்டாலும் பிதுக்கித் தள்ளிப்போடும். பிறக்கெட் காலுக்குக் கீழ அரை மி.மீ. வொஷர் ஒண்டு வைச்சுப் பாருங்கோ, அல்லது புஷ்ஷின்ர தட்டையான அடியைத் தண்ணித்தாளில கொஞ்சம் தேயுங்கோ.

எட்டு மி.மீ. பிறக்கெட் போல்டுக்கு 25 நியூட்டன் மீட்டரை ஒட்டி, பத்து மி.மீ. எண்டால் 45 அளவில. சேவிஸ் மனுவல் இருந்தால் அதில உள்ள எண்தான் கணக்கு. லிங்கில றப்பர் புஷ் இருந்தால் கடைசி இறுக்கு வாகனம் நிலத்தில நிக்கேக்க. போல் ஜொயின்ட் லிங்க் எண்டால் அது தேவையில்லை.

கரைச்சி லான்சர்:
நன்றி அண்ணை. லிங்க் பூட்டாமல் தூக்கிப் பாத்தன், பார் விட்ட இடத்திலயே நிக்குது. வொஷர் வைக்கிறன். ஓட்டையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை?

மாங்குளத்தான்:
நுனிக்குக் கிட்ட உள்ள ஓட்டை மெத்து, வளைவுக்குக் கிட்ட உள்ளது இறுக்கம். பாரின்ர இறுக்கம் தடிப்பின்ர நாலாம் அடுக்கில கூடும், 18க்கு 20 எண்டாலே ஒண்டரை மடங்கு இறுகிட்டுது. உங்கட ஒழுங்கைக்கு நுனி ஓட்டை போதும். இறுக்கம் கூடினால் ஒரு சில்லு கிடங்கில விழேக்க மற்றதையும் சேர்த்து இழுக்கும். மாரியில ஈர றோட்டு வளைவில அக்சிலேற்றரைத் திடீரெண்டு விட்டால் பின்பக்கம் விலத்திப் போகப் பாக்கும். ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டை எண்டதை மறக்காதேங்கோ.

ஸ்பானர் 14:
பூட்டி முடிய பாரை மேலும் கீழும் ஆட்டி, சைலென்சர் குழாயிலயும் பிறேக் ஹோஸிலயும் முட்டுதோ பாருங்கோ. பார் பக்கவாட்டில நழுவுது எண்டால் புஷ்ஷுக்கு உட்பக்கமாக லொக் கொலர் (பாரில இறுக்கிற வளையம்) போடோணும். மாரி முடிஞ்சு தை மாசத்தில ஒருக்கா கழட்டி கிறீஸ் மாத்துங்கோ. கிறீஸ் ஏத்துற நிப்பிள் வைச்ச பிறக்கெட் எண்டால் கிறீஸ் கன்னால ரெண்டு அடி, வெட்டு வாயால கிறீஸ் எட்டிப் பாத்தவுடன நிப்பாட்டுங்கோ.