இலங்கைக்குக் கிடைக்கும் வளர்ச்சி வங்கிக் கடன் யாரைக் கரையேற்றுகிறது?

குன்னூர், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்:
2023 மே மாதம் ஆசிய வளர்ச்சி வங்கி இலங்கைக்கு 35 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புதல் அளித்ததைச் சிலர் இங்கே ‘கடனை அடைக்க இன்னொரு கடன்’ என்று குறை கூறியிருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளையே நிறுத்திவிட்ட ஒரு நாட்டுக்கு, எரிபொருளும் மருந்தும் வாங்க வேறு யார் டாலர் கொடுப்பார்கள்? அந்நாடு திவாலானதற்கு, பன்னாட்டுச் சந்தையில் அதிக வட்டிக்கு விற்ற பத்திரங்களும் ஒரு முக்கியக் காரணம். நெருக்கடிக்குப் பிறகு இந்த வங்கியிடம் சலுகைக் கடன் பெறும் தகுதி இலங்கைக்குக் கிடைத்திருக்கிறது. அதன் வட்டி குறைவு, தவணைக்காலம் நீளம்.

கூடலூர், தாயகம் திரும்பிய குடும்பம்:
ஐயா, இலங்கை மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கே வந்து, தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் என் தாத்தா. எங்கள் சொந்தங்களில் பலர் இன்றும் இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்து லயங்களில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில்தான், இருக்கிறார்கள். தோட்டத்து வீடுகளில் ரொட்டிதான் முக்கிய உணவு. அந்தக் கோதுமை மாவின் விலை 2022இல் பல மடங்கு ஏறியது. கடன் கொடுப்பவர்களின் நிபந்தனைப்படி 2023 பிப்ரவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் கூடியது, 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 சதவீதமானது. நாட்கூலியோ 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே 2024 வரை நின்றது. கடன் வாங்குவது கொழும்பு. அடைப்பவள் கொழுந்து பறிக்கும் பெண். 2024 டிசம்பரில் நீங்கள் சொன்ன பத்திரங்களை வாங்கியவர்கள்கூடத் தங்கள் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வளர்ச்சி வங்கிகள் எதையும் தள்ளுபடி செய்யவில்லை.

குன்னூர்:
நீங்கள் சொல்லும் துன்பத்தை நான் மறுக்கவில்லை, அம்மா. ஆனால் தள்ளுபடிக்கு உட்படாத கடன் என்ற உறுதி இருப்பதால்தான், பிறர் கதவடைக்கும் நேரத்திலும் இவ்வங்கிகளால் குறைந்த வட்டிக்குக் கொடுக்க முடிகிறது. மின்வாரிய நட்டத்தை ஈடுகட்ட அரசு பணத்தை அச்சிட்டுக்கொண்டே இருந்திருந்தால் மாவு விலை இன்னும் ஏறியிருக்கும். 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம், 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது கூலிக்காரருக்கும் கிடைத்த நன்மைதான்.

கோத்தகிரி, சிறு தேயிலை விவசாயி:
ஒன்றை இருவருமே விட்டுவிட்டீர்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தது கொழும்பு அரசுதான். எந்த வங்கியும் அதைக் கேட்கவில்லை. உரமில்லாத செடி எவ்வளவு கொழுந்து கொடுக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். டாலர் கொண்டுவரும் பயிரையே அந்த அரசு முடக்கியது.

கூடலூர்:
அதை ஏற்கிறேன். பணவீக்கம் இறங்கியது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள், ஐயா. ஏறிய விலைகளில் பெரும்பாலானவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை, கூலியும் அதற்கு ஈடாக உயரவில்லை. நான் கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. மின்கட்டணம், வரி, நிதி நிர்வாகம் என்று அவ்வளவு நுணுக்கமாக நிபந்தனை எழுதத் தெரிந்தவர்களுக்கு, லயத்தில் தலைமுறைகளாக இருப்பவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதத் தெரியாதா? அடுத்த தவணை விடுவிக்கப்படுவதற்கு முன் அது எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.