ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும் சத்தம்: கார் ஆம்ப் வயரிங் அனுபவங்கள்

என் பழைய ஸ்விஃப்ட்டுக்கு நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றும், டிக்கியில் பத்து இஞ்ச் சப் வூஃபரும் போட்டேன். வயரிங்கை ஒரு கடையில் விட்டேன். மூன்று மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் "ங்ஙீ..." என்று மெல்லிய சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்தால் சத்தமே இல்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "செட்டுலதான் கோளாறு சார்" என்று டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோவின் மேல் பழியைப் போட்டு, அதிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரில் ஒரு நாய்ஸ் ஃபில்டரை மாட்டிவிட்டார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது, ஆனால் கூடவே பேஸும் போய்விட்டது. அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருப்பது குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். விலை மலிவானவற்றில் 40, 50 ஹெர்ட்ஸ் அடிநாதம் ஒழுங்காகக் கடந்து போகாது. தவில் ஒலிக்க வேண்டிய இடத்தில் தகர டப்பாதான் ஒலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். முதலில் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஆம்ப்பின் ஆர்சிஏ பின்களை உருவினேன். சத்தம் நின்றது. அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கர் வயரும் நல்லபடியாக இருக்கின்றன. அடுத்து, சார்ஜரில் போடாத போனை நேராக ஆம்ப்பில் செருகிப் பாட்டு போட்டேன். அப்போதும் சத்தம் இல்லை. போன் தன் பேட்டரியில் ஓடுகிறது, வண்டியின் எர்த்தோடு (பாடித் தகரம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) அதற்குச் சம்பந்தமில்லை. அப்படியானால் சிக்கல் செட்டின் எர்த்துக்கும் ஆம்ப்பின் எர்த்துக்கும் நடுவில்தான். இரண்டு எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் வந்தால், அது ஆர்சிஏ வயரின் வெளிவலை வழியாக ஓடப் பார்க்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் அலையும் அதோடு சேர்ந்து வருகிறது. நாம் கேட்பது அதைத்தான்.

ஆம்ப்பின் எர்த் வயரை மல்டிமீட்டரில், இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பீப் வைத்துப் பார்த்தேன். "பீப்" என்று அழகாக அடித்தது. தயவுசெய்து இந்த பீப்பை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். ஆம்ப் இருபது, முப்பது ஆம்பியர் இழுக்கும்போது அந்த ஒரு இழை என்ன செய்யும்? எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பாட்டு சத்தமாகப் போக, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறு முனையை ஆம்ப்பின் எர்த் ஸ்குரூவிலும் வையுங்கள். எனக்கு 0.6 வோல்ட் காட்டியது. 0.1-க்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

டிக்கி மேட்டைத் தூக்கிப் பார்த்தால், பெயிண்ட்டின் மேலேயே தகரத்தில் ஒரு செல்ஃப் ஸ்குரூ அடித்து, அதில் வயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். கையால் தொட்டதும் ஆடியது. பக்கத்திலேயே பாடியோடு வெல்டு செய்த நட்டு ஒன்று இருந்தது. அதைச் சுற்றி உப்புத்தாள் போட்டு, தகரம் வெள்ளிக்காசு மாதிரி பளபளக்கும் வரை தேய்த்தேன். வயர் முனைக்கு லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) போட்டு கிரிம்ப் செய்து, பல் வாஷரோடு போல்ட் முடுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மீட்டரில் 0.04. சத்தம் போயே போய்விட்டது. செலவு, லக்கையும் வாஷரையும் சேர்த்து முப்பது ரூபாய். (சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள். அது உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட்.)

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தச் சத்தம் இல்லை. எர்த் வேலை முடிந்ததும், பிளஸ் வயரையும் பார்த்துவிடுவோமே என்று பானட்டைத் திறந்தேன். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) துளை போட்டு, ரப்பர் புஷ் இல்லாமலே வயரை உள்ளே விட்டிருந்தார்கள். தகர விளிம்பு சிவப்பு உறையைத் தின்றுகொண்டே போய், நகக்கண் அளவுக்கு உள் கம்பி தெரிந்தது. ஃபியூஸ் எங்கே என்று தேடினால், பின்னால் டிக்கியில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து அதுவரை நாலரை மீட்டர் வயருக்கு எந்தக் காவலும் இல்லை. இன்னும் ஒரு மழைக்காலம் குலுங்கியிருந்தால் அந்த இடத்தில் ஷார்ட் ஆகியிருக்கும், அந்த வயரே ஹீட்டர் கம்பியாகியிருக்கும். பின் சீட்டில் என் மகள் உட்காருவாள். கை நடுங்கிவிட்டது.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது ஆம்ப்பை அல்ல, வயரை. அந்த வயரை வெட்டிப் பார்த்ததில் இழைகள் உள்ளே வெள்ளையாக இருந்தன; செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பை விடக் குறைவாகத்தான் கரண்ட் தாங்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி, முழுச் செம்பு 4 கேஜ் வாங்கி மாற்றினேன். பவர் வயர் இடது பக்கம், ஆர்சிஏ வலது பக்கம்.

கரூரிலிருந்து ஒரு நண்பர்

அண்ணே, நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருவது வேறு மாதிரி. பஸ்ஸுக்கு 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். ஒரு டூரிஸ்ட் பஸ்ஸில் கார் ஆம்ப் போட, கீழ்ப் பேட்டரியிலிருந்து (மைனஸ் முனை பாடியோடு சேர்ந்திருப்பது) மட்டும் 12 வோல்ட்டைத் தட்டி எடுத்திருந்தார்கள். பாட்டு நன்றாகத்தான் பாடியது. ஆனால் மேல் பேட்டரியில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வற்றுகிறது, கீழ்ப் பேட்டரி காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. டிரைவர் அண்ணன் இரண்டு தடவை பேட்டரி மாற்றியிருக்கிறார்.

எஞ்சினை ஓடவிட்டு தனித்தனியாக அளந்தேன். மேலே 15.1, கீழே 12.9. கூட்டினால் 28 சரியாக வருகிறது, அதனால் சார்ஜிங்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆம்ப் கீழ்ப் பேட்டரியை மட்டும் சாப்பிடுகிறது, ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. 24-லிருந்து 12-க்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்றைப் போட்டு, ஆம்ப்பை அதில் இணைத்தோம். அப்புறம் அந்த வண்டி பேட்டரிக்காக வரவே இல்லை.

மதுரையிலிருந்து

என்னுடையது சின்ன விஷயம். புது டோர் ஸ்பீக்கர் போட்ட பிறகு பேஸே இல்லை. தற்செயலாக பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினேன், பேஸ் வந்தது. வலது பக்கம் தள்ளினாலும் வந்தது. நடுவில் வைத்தால் காணோம்! ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. ஒரு கோன் தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. சாதாரண ஒன்றரை வோல்ட் செல்லை ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வரும். ஆம்ப்பிலிருந்து கழற்றிய வயரில் மட்டும் இதைச் செய்யவும்.

ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி

இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஆம்ப் போட்ட பிறகுதான் இப்படி. பேட்டரி புதுசு. என்ன பார்க்கலாம் அண்ணா?

முதலில் எழுதியவன்

தம்பி, சாவியை எடுத்துவிட்டு, ராத்திரி டிக்கியைத் திறந்து ஆம்ப்பின் விளக்கைப் பாருங்கள். எரிந்தால், ரிமோட் வயரை (ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் சின்ன வயர்) எப்போதும் 12 வோல்ட் வரும் இடத்தில் கொடுத்திருக்கிறார்கள். சும்மா இருக்கும்போதே ஆம்ப் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கலாம். 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி ஒன்றரை நாளில் காலி. அந்த வயர் செட்டின் பின்னால் வரும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயரில் சேர வேண்டும். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கானது; சில செட்டுகளில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் அதில் 12 வோல்ட் வரும், யூஎஸ்பி போட்டால் ஆம்ப் அணைந்துவிடும்.

விளக்கு எரியவில்லை என்றால், மீட்டரை பத்து ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் தொடராகப் போடுங்கள். அப்போது செல்ஃப் அடிக்கவோ சாவியைப் போடவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைப் பூட்டி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் ஆம்ப் மேல் பழி இல்லை. அதற்கு மேல் காட்டினால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதில் இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. வந்த எண்ணை இங்கே எழுதுங்கள், பார்ப்போம்.