குருத்தெலும்புச் செல்கள் எந்த வழியில் இறக்கின்றன? உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். மாட்டின் முழங்கால் குருத்தெலும்பிலிருந்து பிரித்த செல்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகிச் செல்லைத் தாக்கும் நிலை) அவை எப்படி இறக்கின்றன என்று ஆராய்கிறேன். வளர்ப்பு ஊடகத்திலுள்ள பைருவேட் என்ற சத்துப்பொருள் பெராக்சைடைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் அதை நீக்கிவிட்டேன். ஆனால் என்னை உறுத்துவது வேறு. இரத்தக்குழாயே இல்லாத குருத்தெலும்பில் ஆக்சிஜன் மிகக் குறைவு. செல்களை வளர்க்கும் சாதாரண இன்குபேட்டரிலோ ஏறக்குறைய காற்றில் உள்ள அளவு. தொடக்கத்திலேயே செல்கள் திணறிக்கொண்டிருந்தால், முடிவை எப்படி நம்புவது?

இன்னொன்று: தட்டில் ஒட்டிய செல்களை டிரிப்சின் என்ற நொதியால் பிரிக்கும்போதே சவ்வு சேதமடைந்து, இறந்துகொண்டிருக்கும் செல்களை அடையாளம் காட்டும் அனெக்சின் சாயம் பொய்யாக ஒட்டக்கூடும். அப்போப்டோசிஸையும் (செல் தானே திட்டமிட்டு இறப்பது) நெக்ரோசிஸையும் (சேதத்தால் சிதைந்து இறப்பது) செல்களைப் பிரிக்காமலேயே வேறுபடுத்த முடியுமா? அப்போப்டோசிஸை நடத்தும் நொதியான காஸ்பேஸ் 3-இன் அளவீடு மட்டும் போதுமா? குறைந்த ஆக்சிஜனில் இச்செல்களை வளர்த்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.